மருதையனின் கொம்பும் சடையாண்டியின் காலும்

பனங்குளத்துச் சந்தைக்கு வருகிற பாம்பு, வாயில் ஒரு நாவல் பழத்தைக் கவ்விக்கொண்டுதான் வர வேண்டும். கடிக்கவும் முடியாது, புறம் பேசவும் முடியாது. ஒரே பழத்தில் இரண்டு நன்மை!

தேள் வந்தால் கொடுக்கு நுனியில் ஒரு சுண்டைக்காயைக் குத்திக்கொள்ள வேண்டும். கரடி வந்தால் நகங்களைத் தேங்காய் நாரால் சுற்றிக்கொள்ள வேண்டும். முள்ளம்பன்றி என்றால் முதுகின் மேல் வாழை மட்டையைப் போர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும். கொம்புள்ள பிராணிகளுக்கு வாசலிலேயே ஒரு களிமண் குழி இருந்தது. அதில் கொம்பைத் தோய்த்து, முனையில் மண்ணை உருண்டையாகப் பிடித்து, வெயிலில் காய வைத்த பிறகுதான் உள்ளே போகலாம்.

ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்கிறீர்களா? சந்தை என்றால் கூட்டம். கூட்டம் என்றால் இடிப்பார்கள், மிதிப்பார்கள், "இந்தச் சொத்தைக் கிழங்குக்கு என் பலாச்சுளையைக் கேட்கிறாயா?" என்று சண்டைக்கு வருவார்கள். வெறும் வாயால் சண்டை போட்டால் சாயங்காலம் ராசியாகிவிடலாம். கொம்பால் போட்டால் ஆக முடியுமா?

சட்டம் இதுதான். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால், கட்டியதை அவிழ்க்கலாம், பூசியதை உடைக்கலாம். ஆனால் உடைத்தவர் அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் சந்தை முன்னால் வந்து நிற்க வேண்டும். ஏன் உடைத்தேன், எதுவரைக்கும் போனேன் என்று பதில் சொல்ல வேண்டும். நல்லதே செய்திருந்தாலும் சொல்ல வேண்டும்! அதைக் கேட்டு நியாயம் சொல்வது, கொம்பு, கொடுக்கு, நகம், விஷம் எதுவுமே இல்லாத ஒரு பிராணி. அந்த வருஷம் அந்தப் பொறுப்பு நீலி என்கிற தவளைக்கு வாய்த்திருந்தது. உள்ளங்கை அளவு உடம்பு, ஊர் அளவு குரல்.

காட்டெருமை மருதையனுக்கு இந்தச் சட்டம் பிடிக்கவே இல்லை.

"நான் நல்லவன். எனக்கு எதுக்குக் களிமண்ணு? கெட்டவனுக்குப் பூசுங்க!" என்று ஒவ்வொரு சந்தைக்கும் வாசலில் நின்று முறைப்பான்.

வாசல் பாறை மேல் காவலுக்கு நிற்பவள் ஆள்காட்டிக் குருவி. அவள் கண்ணுக்குத் தப்பி ஓர் எறும்பு நுழைய முடியாது.

"கெட்டவன் சந்தைக்கு வந்து, 'நான் கெட்டவன், எனக்குப் பூசுங்க'ன்னு கேப்பானா அண்ணே? கொம்பைக் குழியில வைங்க. பின்னால வரிசை நிக்குது!" என்பாள் அவள்.

முணுமுணுத்துக்கொண்டே கொம்பைத் தோய்ப்பான் மருதையன். உள்ளே போனதும் அதே பேச்சுதான்.

"ஒரு திருடன், ஒரே ஒரு திருடன் மட்டும் இந்தச் சந்தைக்குள்ள கால் வைக்கட்டும். அப்பத் தெரியும் இந்த மருதையன் யாருன்னு!"

நம் பக்கத்தில் ரொம்பப் பீற்றிக்கொள்பவனைப் பார்த்து, "உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?" என்று கேட்பார்கள். மருதையனிடம் அதைக்கூடக் கேட்க வழியில்லை. முளைத்துத்தான் இருந்தது!

அவனுக்கு எதிர்த்த வரிசையில் கிழங்கு விற்பவன் முள்ளம்பன்றி சடையாண்டி. வாய் பேசாத ஆள். விடிந்ததிலிருந்து முன்னங்காலால் மண்ணைத் தோண்டித் தோண்டி வள்ளிக்கிழங்கு எடுப்பான். அதைக் கொண்டுவந்து சந்தையில் கொடுத்துவிட்டு, மனைவி சிலம்பாயிக்கும் மகள் அரும்புக்கும் வேண்டியதை வாங்கிப் போவான். அந்தக் கால்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. அவனுக்கும் ஆயுதம் இருந்தது. ஆனால் வாழை மட்டையைக் கட்டிக்கொள்ள அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

"முதுகுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்பான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

ஒரு கோடைக்காலச் சந்தை. நல்ல கூட்டம். கரடி தேனடைகளைப் பரப்பி வைத்திருந்தது. அதன் பக்கத்தில் பூவாயி என்கிற முயல், குட்டியை மடியில் போட்டுக்கொண்டு கீரை விற்றுக்கொண்டிருந்தாள்.

திடீரென்று ஆள்காட்டி வீறிட்டாள். "வந்துட்டானுங்க! வந்துட்டானுங்க! பின்பக்கம் பாருங்க!"

பின்பக்கப் பாறையைத் தாண்டி இரண்டு செந்நாய்கள் உள்ளே குதித்தன. ஒன்று நேராகப் பூவாயியின் மடியிலிருந்து குட்டியைக் கவ்வியது. மற்றது கரடியின் தேனடைகளை இழுத்துக் குவித்துக்கொண்டே கத்தியது.

"எவனாவது அசைஞ்சீங்க, குட்டி கழுத்து முறிஞ்சிடும்! எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கோங்க!"

சந்தையே உறைந்துபோனது. கரடி நார் சுற்றிய கையைப் பிசைந்தது. பூவாயி வாய்விட்டு அழக்கூடப் பயந்து நடுங்கினாள். குட்டியின் கால்கள் செந்நாயின் தாடைக்குக் கீழே துடித்தன.

மருதையன் மட்டும் தலை குனியவில்லை.

புளியமரத்தில் கொம்பை ஓங்கி மோதினான். படீர்! காய்ந்த களிமண் தூள் தூளாகச் சிதறியது. கறுத்த கொம்புகள் இரண்டும் வெயிலில் மின்னின. முன்னங்காலால் மண்ணைப் பறித்து, மூக்கால் ஒரு சீறல் சீறினான்.

"குட்டியைக் கீழே போடுடா!"

அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். தரை அதிர்ந்தது. குட்டியைக் கவ்வியிருந்த செந்நாய் ஒரு கணம் அவனைப் பார்த்தது. அந்தக் கொம்பைப் பார்த்தது. வாயைத் திறந்தது. குட்டி தொப்பென்று பூவாயியின் மடியிலேயே விழுந்தது. மற்றதும் தேனடையைப் போட்டுவிட்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. இரண்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு, இரட்டைப் பாறைக்கு நடுவே இருந்த சந்துப் பக்கம் ஓட்டம் பிடித்தன.

ஆகா! அந்த நிமிஷத்தில் மருதையன் நின்றிருந்தால், இந்தக் கதை அவனைப் புகழ்ந்து இங்கேயே முடிந்திருக்கும். நானும் மாலையோடு வந்திருப்பேன்!

ஆனால் கூட்டத்துக்கு அப்போதுதான் குரல் வந்தது. அதுவரை வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் வீரர்களாகிவிட்டார்கள்.

"விடாதீங்க அண்ணே! புடிங்க!"

"குத்துங்க! குடலை உருவுங்க!"

அணில் மரக்கிளையில் ஏறி நின்று குதித்தது. "மருதையண்ணன்னா சும்மாவா? குத்துங்க அண்ணே, குத்துங்க!"

ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்குத் தொக்கு என்பார்கள். மருதையன் இத்தனை வருஷமாகக் காத்திருந்த நாள் இது. அந்தச் சத்தம் கள்ளைப் போல அவன் தலைக்கு ஏறியது. தலையைத் தாழ்த்தினான். பாய்ந்தான்.

இப்போது சடையாண்டி என்ன செய்துகொண்டிருந்தான்?

அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். குட்டி துடித்ததைப் பார்த்ததும் அவனுக்கும் மனசு பொறுக்கவில்லை. மெல்ல நழுவி, வெளியே போகிற வழியான இரட்டைப் பாறைச் சந்துக்குப் போய்விட்டான். 'குட்டியோட இந்தப் பக்கம் ஓடுனா மறிச்சுக்குவோம்' என்பது அவன் கணக்கு. வாழை மட்டையைக் கடித்துக் கிழித்தான். முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு சந்து வழியை அடைத்து நின்றான். நல்ல யோசனைதான். ஆனால் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வது அவன் பழக்கமே இல்லையே!

ஓடிவந்த செந்நாய்கள் அந்த முள்ளைப் பார்த்தன. சட்டென்று பக்கத்துச் சூரைமுள் புதருக்குள் நுழைந்து, கீறலும் ரத்தமுமாக அப்பால் தப்பின.

பின்னால் வந்தவனுக்கு அது தெரியவில்லை. அவன் கிளப்பிய புழுதியே அவன் கண்ணை மறைத்தது. சந்துக்குள் ஏதோ ஒன்று நிற்கிறது. கூராக, ஆயுதத்தோடு நிற்கிறது. சலசலவென்று சத்தம் போடுகிறது.

'இவனும் திருடன் கூட்டாளிதான்!' என்று நினைத்தான் மருதையன். யாரென்று கேட்கவில்லை. குத்தித் தூக்கி எறிந்துவிட்டான்.

சடையாண்டி பாறையில் மோதி விழுந்தான். "ஐயோ, அம்மா!" என்ற ஒரு குரல்தான் கேட்டது.

அந்தக் குரலை மருதையனுக்குத் தெரியும். எதிர்த்த வரிசைக் குரல். எப்போதாவது, "முதுகுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்று சொல்கிற குரல்.

புழுதி அடங்கியது. மருதையனின் மூக்கிலும் கன்னத்திலும் முட்கள் குத்தி நின்றன. அவனுக்கு அது வலிக்கவே இல்லை. பாறைக்குக் கீழே ரத்தத்தில் கிடந்த சடையாண்டியைப் பார்த்தபடி மரம்போல் நின்றான். கூட்டமும் ஓடிவந்தது. சற்றுமுன் கத்திய ஒரு வாயையும் காணோம்.

கரடிக்கு வைத்தியமும் தெரியும். கையிலிருந்த நாரைப் பிய்த்து எறிந்துவிட்டு, சடையாண்டியைத் தூக்கிக்கொண்டு தன் குகைக்கு ஓடியது.

"பொழைப்பானா மாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நவுருங்க! இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது!" என்றது கரடி.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. சட்டப்படி சந்தை கூடியது. குளத்து மேட்டில் நீலி உட்கார்ந்திருந்தாள். முன்னால் மருதையன். ஒரு பக்கத்தில் சிலம்பாயி, அரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. குகைப்பக்கமே பார்த்திருந்த அவள் கண்ணில் சொட்டுக் கண்ணீர் இல்லை.

"மருதையா, களிமண்ணை உடைச்சது நீதானே?" என்று கேட்டாள் நீலி.

"ஆமா. உடைச்சேன். குட்டியைக் காப்பாத்தினேன். அதைச் சொல்ல மாட்டேங்கிறீங்களே!" மருதையனின் குரல் தடித்தது. பயந்தவனுக்குத்தான் முதலில் குரல் தடிக்கும்.

"சொல்றேன். இந்தச் சந்தையில இத்தனை பேர் தலையைக் குனிஞ்சு நின்னப்ப, நீ ஒருத்தன்தான் நிமிந்து நின்னே. நீ இல்லேன்னா இன்னிக்குக் குட்டி இல்லை. அதுக்கு உன்னைக் கும்பிடுறேன்." நீலி சொன்னதோடு நிற்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கி வந்து, தலை தாழ்த்திக் கும்பிட்டாள். திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

"இப்ப அடுத்ததைப் பேசுவோம். ஏம்மா பூவாயி, குட்டி உன் மடிக்கு வந்து சேந்தப்ப அந்த ரெண்டு பேரும் எங்கே இருந்தானுங்க?"

"முதுகைக் காட்டிட்டு ஓடிட்டிருந்தானுங்க அக்கா."

"வாயில ஏதாவது இருந்துச்சா?"

"நாக்குதான் தொங்குச்சு. வேற ஒண்ணுமில்லை."

நீலி மருதையன் பக்கம் திரும்பினாள்.

"குட்டி மடியில. தேனடை தரையில. திருடன் ஓட்டத்துல. இதுல எதைக் காப்பாத்த நீ ஓடினே?"

மருதையன், "விட்டா மறுபடி வருவானுங்களே!" என்றான்.

"வருவானுங்க. அதுக்குத்தான் ஒருத்தி பின்னாலயே பறந்து போயிருக்கா. கத்துற அவசரத்துல நீங்க யாரும் பாக்கலை."

சொல்லி வாய் மூடவில்லை, ஆள்காட்டி வந்து இறங்கினாள். இறகெல்லாம் புழுதி. "மேற்குக் கரட்டுல, ஆலமரத்துக்குப் பின்னால குகை. ரெண்டு பேரும் உள்ளதான் கிடக்கானுங்க. முள்ளுக் கிழிச்சதுல நடக்கக்கூட முடியலை."

"யானை மாமா, போய் வாசலை அடைச்சு உக்காந்துக்கோங்க. பசிச்சா தானா வெளிய வருவானுங்க" என்றாள் நீலி. யானை தலையாட்டிவிட்டுக் கிளம்பியது. அவ்வளவு சுலபமான வேலை அது! ஒரு சொட்டு ரத்தம் தேவைப்படவில்லை.

"நான் வேணும்னேவா குத்தினேன்?" மருதையனின் குரல் இப்போது உடைந்திருந்தது. "ஊரே குத்து, குத்துன்னு கத்துச்சு. புழுதி வேற. முள்ளு மட்டும்தான் தெரிஞ்சது. திருடன் கூட்டாளின்னு நெனச்சேன்."

"யாருன்னு தெரியாமலா குத்தினே?"

மருதையன் குகைப் பக்கம் பார்த்தான்.

"மருதையா, உன்னைத்தான் கேக்கிறேன். யாருன்னு தெரியாமலா குத்தினே?"

"ஆமா" என்றான் மருதையன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அப்படியே மண்டியிட்டு அழுதான். மூக்கில் இருந்த முட்கள் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தன.

நீலி கூட்டத்தைப் பார்த்தாள். "குத்துன்னு கத்தினது யாரு?"

மான் புல்லைப் பார்த்தது. மயில் வானத்தைப் பார்த்தது. பூவாயிகூடக் குட்டியின் காதை நீவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அணில் கீழே இறங்கி வந்தது.

"நான்தான் அக்கா. எல்லாரும் கத்தினாங்க, நானும் கூட்டத்தோட கோவிந்தா போட்டுட்டேன்."

"நீயாவது வாயைத் திறந்தியே! குட்டி செந்நாய் வாயில இருந்தப்ப ஒருத்தர் குரலும் கேக்கலை. அவன் ஓடினப்புறம் எல்லாருக்கும் வீரம் வந்துடுச்சு. இதுல உங்களுக்கும் பங்கு இருக்கு. அது உங்களைச் சும்மா விடாது." நீலி மறுபடி மருதையனிடம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. கத்தினவங்க மேல பழியைப் போட்டுட்டு நீ நழுவ முடியாது. கொம்பு அவங்க தலையில இல்லை. உன் தலையில இருக்கு."

அப்போது குகையிலிருந்து கரடி வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். சிலம்பாயி மட்டும் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உசிருக்கு ஒண்ணுமில்லை தாயி" என்றது கரடி.

சிலம்பாயி அப்போதுதான் அழுதாள்.

"எலும்பொட்டி இலையை அரைச்சுப் போட்டு, மூங்கில் தப்பை வச்சுக் கட்டியிருக்கேன். நடப்பான். ஆனா..." கரடி தயங்கியது. "அந்த முன்னங்கால் இனிமே மண்ணைத் தோண்டாது."

சிலம்பாயியின் அழுகை நின்றுவிட்டது. தோண்டாத முள்ளம்பன்றியின் வீட்டில் நாளைக்கு என்ன சாப்பிடுவது? அவள் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோர் காதிலும் விழுந்தது.

"சடையாண்டி ஒண்ணு சொல்லச் சொன்னான்" என்றது கரடி. "தானும் குரல் கொடுக்காம நின்னது தப்பாம். 'நான் சடையாண்டி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மருதையன் நின்னிருப்பானாம். அதையும் சேத்துச் சொல்லச் சொன்னான்."

"அவர் எந்திரிச்சு வரட்டும். அவரையும் கேப்பேன்" என்றாள் நீலி. "முள்ளை அவிழ்த்தவர் அவரும்தானே! ஆனா அவருக்கு இதுக்கு மேல ஒரு தண்டனை கொடுக்க யாருக்கும் மனசு வராது." அப்புறம் தீர்ப்பைச் சொன்னாள்.

"திருடன் கொண்டுபோகப் பாத்தது தேனடை. அது போனா அடுத்த பூவுக்கு மறுபடி வரும். நீ எடுத்தது ஒரு காலை. அது வராது. அதனால மருதையா, இனி அந்தக் காலோட வேலை உன் கொம்போடது. விடிஞ்சா சடையாண்டி வீட்டுக்குப் போ. அவர் காட்டுற இடத்துல மண்ணைக் கிளறு. அரும்பு வளந்து தானே தோண்டுற வரைக்கும் கிளறு. கத்தினவங்க எல்லாரும் முறை வச்சு அந்தக் கிழங்கைச் சந்தைக்குச் சுமந்து வாங்க."

"கொம்பு மேல மண்ணு பூசிக்கவே கௌரவம் பாத்தவன். மண்ணைக் கிளறுவானா?" என்று கூட்டத்தில் யாரோ முனகினார்கள்.

மருதையன் கிளறினான்.

முதலில் சிலம்பாயி அவனிடம் பேசவில்லை. அவன் கிளறிப் போட்ட கிழங்கைக் காலால் தள்ளிவிட்டாள். அரும்பு வளைக்குள்ளிருந்து மண்ணாங்கட்டியை எடுத்து அவன் முகத்தில் எறிந்தாள். அவன் கண்ணைக்கூடத் துடைக்காமல் வேலையைப் பார்த்தான். சாயங்காலம் தலை குனிந்து போனான். விடிந்ததும் வந்தான்.

ஒருநாள் சடையாண்டி நொண்டி நொண்டி வெளியே வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்படி ஆழமாக் குத்தக் கூடாதுப்பா. கிழங்கு உடைஞ்சிடும். மெல்ல, பக்கவாட்டுல."

"சரிண்ணே" என்றான் மருதையன். பக்கவாட்டில் கிளறினான். முழுக் கிழங்கு வந்தது. அன்றைக்கு முதல் சிலம்பாயி அவனுக்கும் ஒரு சட்டித் தண்ணீர் வைத்தாள்.

குகை வாசலில் யானை அசையாமல் உட்கார்ந்திருந்தது. பசி தாங்காமல் செந்நாய்கள் இரண்டும் ஒருநாள் தாமாகவே வெளியே வந்தன. கொடியால் காலைக் கட்டி அவற்றைச் சந்தைக்கு இழுத்து வந்தார்கள். நீலி விசாரிக்கும்வரை காவலுக்கு யாரை நிறுத்துவது?

"மருதையனையே நிறுத்துங்க" என்றாள் நீலி.

எல்லோருக்கும் திக்கென்றது. மருதையனுக்கும்தான். சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது: பிடிபட்டவர்களுக்குக் காவல் நிற்பவர் களிமண் இல்லாமல் நிற்க வேண்டும். வெறும் கொம்போடு வந்து நின்றான்.

கட்டுப்பட்டுக் கிடந்தாலும் செந்நாய்க்கு வாய் அடங்கவில்லை. "யாரு, எருமையண்ணனா? அன்னிக்கு உங்க ஆளையே தூக்கி எறிஞ்சீங்களே! நாங்க புதருக்குள்ள இருந்து பாத்துச் சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு!"

கூட்டம் கொதித்தது. "அடப் பாவி!" என்று பற்களைக் கடித்தது. ஆனால் இந்தமுறை, குத்து என்று ஒருவரும் கத்தவில்லை.

கத்தியது அரும்புதான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடிவந்தாள். முகம் சிவந்து, முள்ளெல்லாம் சிலிர்த்திருந்தது.

"குத்துங்க மாமா! இவனாலதான் எங்கப்பா நொண்டி! குத்திப் போடுங்க!"

அவள் அவனை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கொம்புக்கு எட்டும் தூரத்தில் செந்நாய் கிடந்தது. ஒரு குத்து. யாரும் கேட்க மாட்டார்கள். சிலம்பாயிகூடக் கேட்க மாட்டாள். செந்நாயின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அது கண்ணை இறுக மூடிக்கொண்டது.

மருதையன் நகர்ந்தான். செந்நாய்க்கும் அரும்புக்கும் நடுவில் வந்து நின்று, முன்னங்காலை மடக்கி, அவள் உயரத்துக்குக் குனிந்தான்.

"இவன் கட்டுப்பட்டுக் கிடக்கான் தாயி. இப்ப யாரையும் கடிக்க முடியாது."

"அதனால என்ன? கெட்டவன்தானே!"

"உங்கப்பாவைக் குத்தினப்பவும் நான் அப்படித்தான் நெனச்சேன்."

அரும்பு அவனையே பார்த்தாள். அவள் முதுகில் சிலிர்த்து நின்ற முள் ஒவ்வொன்றாகப் படிந்தது. பின்னால் சடையாண்டி நொண்டிக்கொண்டே வந்து மகளின் பக்கத்தில் நின்றான். மருதையனின் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

நீலி செந்நாய்களை விசாரித்து, ஆற்றுக்கு அக்கரைக்குத் துரத்தினாள். கரை தாண்டும்வரை யானை கூடப் போனது.

ஆபத்தைத் தடுக்க ஆயுதம் எடுப்பவன் வீரன். ஆபத்து முதுகைக் காட்டிய பிறகும் அதைக் கீழே வைக்காதவன், யார் உசுப்பிவிட்டிருந்தாலும், விழுந்த ஒவ்வோர் அடிக்கும் தானேதான் பதில் சொல்ல வேண்டும்.